வசதியான குடும்பம்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். அப்பாவின் முழங்கால் மட்டும் அந்த நலத்தில் சேரவில்லை. உங்கள் இருமலும் அத்தையின் தலைசுற்றலும் எப்படி இருக்கின்றன?

உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கழிவுநீர்ப் பரிசோதனை முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசையில் முதல் ஆள் நான். அதற்கு அடுத்த வரியிலேயே 'உதவித்தொகை: இல்லை' என்று இருக்கிறது. ஒரு கையால் சோற்றைப் போட்டுவிட்டு மறு கையால் தட்டை இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. துறைக்கு ஒரே ஓர் உதவித்தொகைதான், அது முதலிடத்தில் வருபவருக்குத்தான் என்று போன வருடம் நீங்கள்தானே சொன்னீர்கள்? அதை நம்பித்தானே விண்ணப்பம் போட்டேன்? இரண்டு வருடக் கட்டணம் என்னுடைய நான்கு வருடச் சம்பளம்.

இங்கே, இந்தக் கழிவுநீர் நிலையத்து வேலையில் இருக்கவும் பிடிக்கவில்லை. நான் சாக்கடையைச் சொல்லவில்லை. அந்த நாற்றம் குளித்தால் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த சேற்றைக் காயவைத்து உரம் என்று காய்கறித் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணுவது என் வேலை. ஒன்றுக்கு மேல் இருந்தால் அனுப்பக் கூடாது என்பது எங்கள் நிலையத்து விதி. போன வாரம் பதினொன்று இருந்தது. எங்கள் மேற்பார்வையாளருக்கு 'ரப்பர்' என்று பெயர். பதினொன்றில் ஒரு ஒன்றை அழித்தார். ஒன்றாகிவிட்டது. லாரி கிளம்பியது. தட்டிக்கேட்டால், "நீ என்ன படிச்சிருக்க? எண்ணிக் குடுக்கிறதுதான் உன் வேலை" என்கிறார். முதுகலை முடித்தவர்தான் முடிவை வெளியிடலாமாம். அந்தப் படிப்பு எனக்கு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

நீங்கள் அந்தத் துறை அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உதவித்தொகை ஏன் இல்லை என்று விசாரித்து எழுதுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.
உங்கள் மருமகள்


மார்ச் 16

என் சில்வண்டுக்கு மாமாவின் ஆசிகள்.

உன் கடிதம் கண்டு உள்ளம் குளிர்ந்தது. இருமல் தன் போக்கில் இருக்கிறது. அத்தை நலம். அக்காவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

முதலிடம்! நம் பரம்பரையில் முதலிடம் என்று ஒன்றை யார் பார்த்தார்கள்? அன்று அலுவலகம் முழுவதற்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். "யார் சார் அது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "என் அக்கா மகள்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் இருக்கிறார், யாரையும் பாராட்டாத மனிதர். அவரே எழுந்து கை கொடுத்தார்.

நீ இங்கே வந்தால் நம் வீட்டிலேயே தங்கலாம். சாமான் அறையைக் காலி செய்ய அத்தை தொடங்கிவிட்டாள். சுவருக்கு வெளிர் பச்சை அடிப்பதா நீலமா என்று கேட்கிறாள். ஜன்னல் சின்னதுதான், ஆனால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பேருந்து வீட்டு வாசலில் நிற்கும்.

மனத்தைத் தளரவிடாதே. படிப்பு என்று வந்துவிட்டால் எப்படியாவது வழி பிறக்கும்.

அன்புடன்
மாமா


மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றித் தந்திருக்கிறார்கள், சம்பளத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு. அம்மா உங்கள் இருமலுக்கு மிளகு சாப்பிடச் சொன்னாள்.

சுவருக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள். நான் கேட்டது அது இல்லையே.

கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். அங்கே ஓர் அதிகாரி. விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "எங்க வேலை பாக்குற?" என்றார். சொன்னேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். அன்றைக்கு விடுமுறை எடுத்து, தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்திப் போயிருந்தேன் மாமா. என் மேல் சோப்பு வாசனை தவிர எதுவும் இல்லை. அப்புறம் அப்பாவைப் பார்த்து, "சொந்த வீடு இருக்கா? சொந்தமா தொழில்?" என்றார். "இல்ல சார், பட்டறையில மெக்கானிக்" என்றார் அப்பா. "அப்ப ஜாமீனுக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று காகிதத்தை இரண்டு விரலால் தள்ளினார். குமட்டிக்கொண்டு வந்தது. எட்டு மணி நேரம் சேற்றைக் கலக்கும்போது எனக்கு அப்படி வந்ததில்லை.

உதவித்தொகை ஏன் இல்லை? ஒரு வரி போதும்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
உங்கள் மருமகள்


ஏப்ரல் 21

சில்வண்டுக்கு ஆசிகள்.

பதில் தாமதமாகிவிட்டது. வயிறு சரியில்லை. மருத்துவர், மனத்தில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்கிறார். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் வேறு. நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

வங்கிக்காரனை விட்டுத் தள்ளு. நாய் குரைத்தால் நாமும் குரைக்க முடியுமா?

நீ கேட்ட விஷயம். இவையெல்லாம் மூடிய அறைக்குள் நடப்பவை. பலவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். ஒரே குறை, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். நடந்ததைக் கிளறி என்ன ஆகப்போகிறது? நடக்க வேண்டியதைப் பார்ப்போம். சேர்வதா இல்லையா என்று மே 31க்குள் சொல்ல வேண்டும், ஞாபகம் இருக்கட்டும். 'சேர்கிறேன்' என்று எழுதிவிடு. மற்றதை மாமா பார்த்துக்கொள்கிறேன்.

அறைக்கு நீலம் அடித்தாயிற்று.

அன்புடன்
மாமா


ஏப்ரல் 28

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வயிறு இப்போது தேவலையா? அம்மா தினமும் கேட்கிறாள்.

'மாமா பார்த்துக்கொள்கிறேன்' என்றால் எப்படி, எதை வைத்து என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் சங்கடமும் தெரிகிறது. அலுவலகத்தில் இருந்துகொண்டு உள்விஷயத்தை வெளியே சொல்வது முறையாகாது என்று தயங்குகிறீர்கள். அதனால் நானே துறைத்தலைவருக்கு நேராக எழுதிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முன்பு பதிவுத் தபாலில் போட்டேன். உங்கள் பெயரை இழுக்கவில்லை, பயப்படாதீர்கள்.

நேற்று சேறு ஏற்ற வந்த தோட்டக்காரர் ஒருவர், வெறுங்கையால் அதை அள்ளி முகர்ந்து பார்த்து, "நல்ல உரம்மா" என்று என்னிடம் சிரித்தார். அதே கையால் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார். "கை கழுவுங்க" என்று கத்தினேன். நான் கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். ரப்பர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மருமகள்


மே 3

சில்வண்டுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல்.

துறைத்தலைவருக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக உடனே ஒரு வரி எழுதிப் போடு. பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்டால் பின்னால் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். இங்கு வரும் தபாலெல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். உன் உறை இன்னும் பிரிக்கப்படாமல் என் முன்னால்தான் இருக்கிறது. நீ சரி என்றால் அது உள்ளே போகாது.

அக்காவிடம் இதைக் காட்ட வேண்டாம்.

மாமா


மே 15

மாமா,

பதிவுத் தபாலைப் பிரிக்காமல் வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை, அதை உள்ளே கொடுங்கள் என்று எழுதி வைத்திருந்தேன். அனுப்பத் தேவைப்படவில்லை. துறையிலிருந்து பதிலே வந்துவிட்டது. மூன்றாவது பத்தியை அப்படியே தருகிறேன்.

'விண்ணப்பதாரர் தரவரிசையில் முதலிடம் பெற்றிருப்பினும், அவரது குடும்பம் கட்டணத்தைச் செலுத்தும் வசதி படைத்தது என அவர்களை நன்கு அறிந்தவர் அலுவலகத்தில் தெரிவித்ததன் பேரில், உதவித்தொகை அடுத்த இடத்தில் உள்ளவருக்கு வழங்கப்பட்டது.'

அந்த ஊரில் எங்களை நன்கு அறிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நீங்களா?


மே 23

சில்வண்டு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை இந்தக் கடிதத்துக்கு இல்லை.

நான்தான்.

பட்டியலை முடிவு செய்த அன்று துறைத்தலைவர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேராசிரியர்களும் அந்தக் கணக்குப் பிரிவுக்காரரும் இருந்தார்கள். "முதல்ல வந்திருக்கிற பொண்ணு உங்க அக்கா பொண்ணாமே? உதவித்தொகை இல்லாம அவங்களால முடியுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணக்குக்காரர், "அவங்களுக்கு என்ன சார், பட்டறை முதலாளி வீடு" என்றார். அது அவர் குற்றம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் அங்கே சொல்லி வைத்திருப்பது அதுதான். மச்சான் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று. எல்லோரும் தங்கள் அண்ணன், மாமனார் என்று பெருமையடிக்கும்போது நானும் ஒன்றைச் சொல்லிவைத்தேன். அது வளர்ந்துவிட்டது.

"அப்படியா?" என்று துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். இல்லை சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது இதுதான்: "ஆமா சார். வசதியான குடும்பம். சமாளிச்சுப்பாங்க." சொல்லும்போது சட்டைக் காலரை வேறு சரிசெய்துகொண்டேன்.

இரண்டாம் இடத்துப் பெண்ணின் தாய் முந்தின நாளே வந்து, நடைபாதையில் எல்லோர் முன்னாலும், "நான் ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறேன் சார். குடுத்தா எம்பொண்ணு படிக்கும், இல்லன்னா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாய் எனக்கு இல்லாமல் போயிற்று.

உன் பதில் வராததால், உன் உறையை மே பத்தாம் தேதி உள்ளே கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்லப் பதிலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். 'நன்கு அறிந்தவர் தெரிவித்ததன் பேரில்' என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த வரியை விட்டிருந்தால் அவர் கவனித்திருக்க மாட்டார், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். விடவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாதவன் அப்படியாவது சொன்னேன் என்று வைத்துக்கொள்.

என் சேமநிதியிலிருந்து உன் கட்டணத்தைக் கட்டுகிறேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம். 'சேர்கிறேன்' என்று மட்டும் எழுது.

மாமா


மே 30

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் போய்க் கை கழுவினாள். அப்புறம்தான் பேசினாள்: "எம் புருஷன் மெக்கானிக்குனு சொல்ல அவனுக்கு என்ன கூச்சம்? அவன் தட்டச்சு படிச்சது இவரு கையில இருந்த கிரீஸ் காசுலதானே?" அதற்குப் பிறகு உங்கள் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா, "நாலு பேரு முன்னாடி நாக்கு புரளல அவனுக்கு. விடுங்க" என்றார். அவர் அப்படி விட்டுவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

சீ என்று இருக்கிறது மாமா. யாரையாவது முழுசாக வெறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தத் தரை துடைக்கும் அம்மாவின் மகள் படிக்கட்டும். என் வயிறு எரியவில்லை. ஆனால் என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால், எங்களால் முடியாது என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். எனக்குக் கூச்சமே இல்லை. கேட்கவே இல்லை, உங்களைத்தான் கேட்டார்கள். உங்கள் சட்டைக் காலருக்காக நான் முதலாளி மகளாகிவிட்டேன்.

சேமநிதிப் பணம் வேண்டாம். அத்தைக்குத் தெரியாமல் எடுக்கிற காசு. ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய். சாக்கடையைச் சாக்கடைத் தண்ணீரால் கழுவ முடியாது என்று எங்கள் நிலையத்தில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

இதைக் காறித் துப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. ரப்பர் பதினொன்றை எப்படி அழித்தார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் பென்சிலில் எழுதினேன். மூன்று வருடமாகப் பென்சிலில்தான் எழுதுகிறேன். யாரும் அப்படி எழுதச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன், மறுநாளே பேனாவைப் பையில் வைத்துவிட்டேன். நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். நான் எத்தனை லாரி அனுப்பியிருக்கிறேன்? உங்களை நினைத்தால் வருகிற அருவருப்பு, கண்ணாடி பார்த்தாலும் வருகிறது.

இந்த வருடம் நான் வரவில்லை. 'சேரவில்லை' என்று துறைக்கு எழுதிவிட்டேன். உங்கள் மேசைக்குத்தான் வரும். இந்தத் தடவையாவது அன்றைக்கே உள்ளே கொடுத்துவிடுங்கள்.


ஜூலை 12

சில்வண்டுக்கு,

அக்காவும் மச்சானும் நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கு இருவரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அன்றைக்கே உள்ளே கொடுத்தேன். அதோடு என் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்தாறு வாரம் அந்தக் கதவு வரை போய்ப் போய்த் திரும்பினேன். போன திங்கட்கிழமை, கூட்டம் முடிந்து அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது போனேன். "சார், எங்க அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறை எதுவும் கிடையாது. இன்னொருத்தர் பட்டறையில மெக்கானிக். என்னைப் படிக்க வச்சவரு அவருதான். அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன். கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன்.

துறைத்தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார், பேருந்தைத் தவறவிட்டவனிடம் கேட்பது போல. "அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்." அப்புறம் தேநீர் கொண்டுவரச் சொன்னார். உன் இரண்டு வருடப் படிப்பு அவருக்கு ஓர் 'அடடா'. அந்த மனிதர் நம்மை எப்படி நினைப்பாரோ என்று இருபத்திரண்டு வருடம் இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அவர் என்னைப் பற்றி எதுவுமே நினைத்ததில்லை.

சாயங்காலம் கணக்குக்காரர் என் மேசை அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேலி செய்யப் போகிறார் என்று குனிந்தே இருந்தேன். "எந்தங்கச்சி வீட்டுக்காரர் பெரிய ஒப்பந்தக்காரர்னு சொல்லியிருக்கேன்ல சார்? கல் உடைக்கிறாரு" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "பொண்ணு வர்ற வழியைப் பொய் சொல்லி அடைச்சுட்டு, சுவருக்கு நீலம் வேற" என்றாள்.

மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரலாமா என்று நீ எழுதினால்தான் கிளம்புவேன்.

மாமா


ஆகஸ்ட் 2

மாமாவுக்கு வணக்கம்.

அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அம்மாவும் நானும் நலம். அத்தையின் தலைசுற்றலைப் பற்றி இந்தத் தடவை நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

ஜூன் முதல் வாரம் பேனாவில் எழுதினேன். அன்றைக்கு ஒன்பது இருந்தது. ரப்பர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இது?" என்றார். "மை சார்" என்றேன். அன்று ஒரு நாள் மட்டும் லாரி வெளியே போகவில்லை. மறுவாரம் என்னை நீரேற்று அறைக்கு மாற்றிவிட்டார்கள். காது செவிடாகும் சத்தத்தில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். என் பழைய இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், கெட்டிக்காரி. அவள் என்ன கொண்டு எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். லாரிகள் ஒழுங்காகப் போகின்றன.

அடுத்த வருட விண்ணப்பம் வாங்கிவிட்டேன். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அப்பாவே தன் கையால் எழுதினார். உதவித்தொகை தந்தால் போவேன். தராவிட்டால் போவதா வேண்டாமா என்று அப்போது உட்கார்ந்து யோசிப்போம், நாங்கள் மூன்று பேரும். இந்தத் தடவை யாரும் எங்களுக்காகப் பேச வேண்டாம்.

உங்கள் மேல் உள்ள வெறுப்பு போய்விட்டது என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. போகவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நீங்கள் நின்றதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதல் தடவை கேட்காதது போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை துடைப்பதை நிறுத்தினாள்.

வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அம்மா பேச மாட்டாள். சோறு போடுவாள்.

உங்கள் மருமகள்